வீட்டுப் பட்டறையில் கடைசல் இயந்திரம்

தயிர் கடைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மத்தின் தண்டில் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் மத்து இப்படியும் அப்படியுமாகச் சுழல்கிறது, வெண்ணெய் திரள்கிறது. தமிழில் தயிரையும் கடைகிறோம், கட்டில் காலையும் கடைகிறோம். இரண்டு வேலைக்கும் ஒரே சொல். பழைய மரக் கடைசல் பொறியைக் கண்டவர்களுக்கு இது வியப்பாக இராது. அதிலும் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுப்பார். இரு முளைகளுக்கு இடையே மரத்துண்டு சுழலும். மற்றொருவர் உளியைப் பிடித்துச் செதுக்குவார்.

தாமிரபரணிக் கரையில் உள்ள அம்பாசமுத்திரம் மரச் சொப்புக்குப் பெயர் பெற்ற ஊர். சிறுமிகள் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடும் குட்டிப் பானை, அடுப்பு, அம்மி, உரல் எல்லாம் அங்கே கடைசலில்தான் உருவாகின்றன. சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வினால் பிறக்கும் சூட்டில் அரக்கு உருகி, மரத்தைச் சுற்றிப் பளபளவென்று பூசிக்கொள்ளும். அதே வட்டாரத்தில் வாகைக்குளம் என்னும் ஊர் பித்தளை, வெண்கல வேலைக்குப் பெயர் பெற்றது. குத்துவிளக்கின் தண்டில் நாம் காணும் வளையங்கள் யாவும் கடைசலின் கைவண்ணமே.

மரத்தைக் கடைய, உளியைக் கையில் பிடித்தால் போதும். இரும்பைக் கடைய அது போதாது. கை சற்று நடுங்கினாலும் அளவு கெட்டுவிடும். உளியும் பிடியை விட்டுப் பாய்ந்துவிடும். இந்தச் சிக்கலைத் தீர்த்துக் காட்டியவர்களுள் முக்கியமானவர் ஹென்றி மாட்ஸ்லே என்ற ஆங்கிலேயர். ஏறத்தாழ 1800ஆம் ஆண்டில் அவர் உருவாக்கிய கடைசல் இயந்திரத்தில் வெட்டும் கருவியை மனிதன் பிடிக்கவில்லை; ஒரு நழுவு மேடை பிடித்தது. அந்த மேடையைத் திருகு ஒன்று நகர்த்தியது. மனிதன் செய்ய வேண்டியதெல்லாம் கைப்பிடியை எண்ணித் திருப்புவதே. இன்று நம் ஊர் லேத் பட்டறைகளில் ஓடும் இயந்திரங்கள் அனைத்தும் இந்த ஏற்பாட்டின் வாரிசுகளே.

இத்தகைய இயந்திரம் ஒன்றை வீட்டின் பின்கட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும். மேசைமேல் வைக்கக்கூடிய சிறு லேத்துகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. கோயம்புத்தூர், ராஜ்கோட், பட்டாலா போன்ற ஊர்களில் செய்யப்பட்ட பழைய இயந்திரங்களும் கைமாறிக் கிடைக்கின்றன. வாங்குவது எளிது, பழகுவதுதான் வேலை. அதை இங்கே படிப்படியாகக் கவனிப்போம்.

உறுப்புகளை அறிமுகம் செய்துகொள்வோம்

இயந்திரத்தின் முன் நில்லுங்கள். அடியில் நீளமாகக் கிடக்கும் வார்ப்பிரும்புத் தண்டவாளம் போன்ற பகுதி ‘பெட்’. உங்கள் இடக்கைப் பக்கம் இருப்பது ஹெட்ஸ்டாக். மோட்டாரால் சுழலும் கதிர் அதற்குள்தான் இருக்கிறது. கதிரின் முனையில் உள்ள ‘சக்’ வேலைத்துண்டைப் பற்றிக்கொள்ளும். மூன்று தாடைச் சக்கில் சாவியைத் திருகினால் மூன்று தாடைகளும் ஒன்றாக நெருங்கும். நான்கு தாடைச் சக்கில் ஒவ்வொரு தாடையும் தனித்தனியே நகரும். மையம் பார்க்க நேரம் பிடிக்கும், ஆனால் துல்லியம் கூடும்.

வலக்கைப் பக்கம் இருப்பது டெயில்ஸ்டாக். நீண்ட துண்டின் மறுமுனையைத் தாங்குவதும், துளையிடும் டிரில்லைப் பிடிப்பதும் இதன் வேலை. இரண்டுக்கும் நடுவே பெட்டின்மேல் நகர்வது கேரேஜ். அதன்மேல் குறுக்காக நகர்வது கிராஸ் ஸ்லைடு. அதற்கும் மேலே, வேண்டிய கோணத்துக்குத் திருப்பி வைக்கக்கூடிய சிறிய மேல் ஸ்லைடு. அதன் உச்சியில் டூல் அமர்ந்திருக்கிறது.

இயந்திரத்தை நிறுத்தும் இடமும் முக்கியம். சிறு லேத்தைக் கோணலான மேசைமேல் வைத்துப் போல்ட்டுகளை முடுக்கினால் பெட் மிக நுட்பமாக முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, கடைந்த தண்டு ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் சிறுத்தும் வரும்போதுதான் தெரியும். சோதிப்பது எளிது. சக்கில் ஒரு கம்பியைப் பிடித்து 100 மி.மீ. வெளியே நீட்டி வையுங்கள். சக்கின் அருகே ஒரு வளையமும், வெளி முனையில் ஒரு வளையமும் மிச்சமிருக்கும்படி நடுப்பகுதியைக் குறைத்துவிடுங்கள். பின் டூலின் அமைப்பை மாற்றாமல், மிக மெல்லிய ஒரே வெட்டாக இரு வளையங்களையும் கடையுங்கள். மைக்ரோமீட்டரால் அளந்தால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இல்லையானால், இயந்திரத்தின் காலடியில் மெல்லிய தகடுகளைச் செருகிச் சரிசெய்யுங்கள்.

முதலில் உங்கள் கைகள்

இயந்திரத்துக்கு உலோகமும் விரலும் ஒன்றே. ஆகவே, சுவிட்சைத் தொடுவதற்கு முன் சில பழக்கங்கள் உங்களுடன் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

தோளில் துண்டோ, தொங்கும் வேட்டி நுனியோ, சேலைத் தலைப்போ, அவிழ்ந்த பின்னலோ கூடாது. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் இறுகச் சுருட்டுங்கள். கையுறை அணிவது பாதுகாப்பு என்று சிலர் எண்ணுகிறார்கள். லேத்தில் அது ஆபத்து. சக் கையுறையின் நுனியைப் பற்றினால் கையையும் சேர்த்தே இழுக்கும். கண்ணாடியோ மிகமிக அவசியம். வெட்டுத்தூள் சூடாகப் பறந்து வரும்.

சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கையால் இழுக்காதீர்கள். அதன் விளிம்பு சவரக்கத்தி போன்றது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கொக்கியாலோ தூரிகையாலோ அகற்றுங்கள்.

சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் அது கவண்கல் போலப் பாயும். சாவி சக்கில் இருந்தால் அதன்மேல் உங்கள் கையும் இருக்க வேண்டும். கையை எடுத்தால் சாவியையும் எடுக்க வேண்டும் என்று மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் சுவிட்சைப் போடுமுன் சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தாடை எங்கும் தட்டாது என்பது அப்போதே உறுதியாகிவிடும்.

இன்னொன்று. மின்தடை ஏற்பட்டு இயந்திரம் நின்றதும் நாம் சக்கை நெருங்கிப் பார்ப்பது இயல்பு. அந்த நொடியில் மின்சாரம் திரும்பினால்? ஆகவே மின்சாரம் போனால் தானே விடுபட்டு, மீண்டும் பொத்தானை அழுத்தினாலன்றி ஓடாத ஸ்டார்ட்டரையே பொருத்துங்கள். எர்த் இணைப்பையும் மறவாதீர்கள்.

டூலும் வேகமும்

தொடக்க வேலைக்கு ஹை ஸ்பீடு ஸ்டீல் டூல் ஏற்றது. டங்ஸ்டன் 18, குரோமியம் 4, வனேடியம் 1 என்ற நூற்று விழுக்காட்டில் கலந்த எஃகு அதன் பழைய வகை. சூடேறினாலும் கூர் எளிதில் மழுங்காது. சாணைக் கல்லில் நீங்களே தீட்டிக்கொள்ளலாம்.

எஃகைக் கடையும் டூலின் மேற்புறம் சற்றுச் சரிவாக இருக்க வேண்டும். 10 முதல் 15 பாகை வரை இருக்கலாம். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் இந்தச் சரிவு கூடாது. மேற்புறம் மட்டமாக இருக்கட்டும். சரிவான டூல் இவ்வுலோகங்களுக்குள் தானே இழுத்துக்கொண்டு புகும்; துண்டு பிய்ந்துவிடும்.

டூலின் நுனி, சுழலும் துண்டின் மைய உயரத்தில் நிற்க வேண்டும். இதைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. இயந்திரம் நின்றிருக்கும்போது, உருண்டைத் துண்டுக்கும் டூல் நுனிக்கும் இடையே மெல்லிய எஃகு ஸ்கேல் ஒன்றை வைத்து மெதுவாக நெருக்குங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வாக இருக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயரமாக இருக்கிறது. டூலின் அடியில் தகடு வைத்தோ எடுத்தோ திருத்துங்கள்.

வேகத்தைக் கணக்கிடுவது எப்படி? ஒவ்வோர் உலோகத்துக்கும் தகுந்த வெட்டு வேகம் ஒன்று உண்டு. மென் எஃகுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர், வெண்கலத்துக்கு 40 மீட்டர் என்று தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். வெட்டு வேகத்தை 1000ஆல் பெருக்கி, துண்டின் விட்டத்தை 3.14ஆல் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். 28 மி.மீ. விட்டமுள்ள மென் எஃகுக் கம்பிக்கு 25000ஐ 87.92ஆல் வகுக்க, ஏறத்தாழ 284 சுற்று. உங்கள் இயந்திரத்தில் 250 இருந்தால் அதையே வையுங்கள். விட்டம் குறையக் குறையச் சுற்று கூட வேண்டும் என்பதைக் கவனிக்க.

கடையும்போது கிறீச்சென்ற ஒலியும் துண்டின்மேல் அலை அலையான கோடுகளும் தோன்றினால், அது அதிர்வு. டூல் அதிகம் வெளியே நீண்டிருக்கலாம்; கூர் மழுங்கியிருக்கலாம்; வேகம் மிகையாக இருக்கலாம். விட்டத்தைப் போல மூன்று நான்கு மடங்குக்கு மேல் நீளம் வெளியே நின்றால், டெயில்ஸ்டாக் முனையால் தாங்கிப் பிடியுங்கள்.

முதற்பயிற்சி: போகும் முளை, போகாத முளை

கற்பதற்கு ஒரு பயனுள்ள வேலையை எடுத்துக்கொள்வோம். நம் வயற்காடுகளில் நீரிறைக்கும் பம்புகளில் தேய்ந்துபோகும் வெண்கலப் புஷ் ஒன்றைச் செய்வதே நோக்கம். 25 மி.மீ. தண்டு அதற்குள் ஓட வேண்டும். புஷ்ஷின் வெளிப்புறம் 32 மி.மீ. கூட்டுக்குள் இறுக அமர வேண்டும்.

தண்டு தாராளமாக ஓட, அதற்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.05 மி.மீ. அளவு இடைவெளி வேண்டும். ஒரு தலைமயிரின் பருமன்தான் அது. வெளிப்புறத்தையோ கூட்டைவிட 0.03 மி.மீ. பெரிதாக, அதாவது 32.03 மி.மீ. ஆக வைத்து, அழுத்தி ஏற்ற வேண்டும். ஏற்றும்போது வெளியே நெருக்கப்படுவதால் உள்விட்டமும் ஏறக்குறைய அதே அளவு சுருங்கும். ஆகவே ஏற்றுமுன் உள்விட்டம் 25.08 மி.மீ. இருந்தால், ஏற்றிய பின் 25.05 ஆகும்.

இந்த உள்விட்டத்தை எப்படி அளப்பது? விலைகூடிய கருவி வேண்டியதில்லை. எஃகில் இரண்டு முளைகளைக் கடைந்துகொள்ளுங்கள். ஒன்று 25.06 மி.மீ., மற்றொன்று 25.10 மி.மீ. முதலாவது துளைக்குள் போக வேண்டும். இரண்டாவது போகக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. இம்முளைகளைக் கடைவதே உங்கள் முதற்பயிற்சி.

28 மி.மீ. கம்பியைச் சக்கில் பிடித்து, முதலில் முகத்தை மட்டமாக வெட்டுங்கள். பிறகு டூலின் நுனி துண்டின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் கிராஸ் ஸ்லைடின் டயலைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். டூலை வலப்பக்கம் விலக்கி, 5 கோடுகள் முன்னே தள்ளிக் கடையுங்கள். நிறுத்தி அளவெடுங்கள். தள்ளியது எவ்வளவு, விட்டம் குறைந்தது எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். டயலைப் பின்னோக்கித் திருப்பும்போது திருகில் சிறிது வெறும் ஓட்டம் இருக்கும். ஆகவே பின்வாங்கினால் அரைச் சுற்றுக் கூடுதலாகப் பின்வாங்கி, மீண்டும் முன்னோக்கியே வந்து நிறுத்துங்கள்.

டயலில் ஒரு கோடு 0.02 மி.மீ. எனில், விட்டத்தில் 0.04 குறையும். கடைசி நுண்ணளவுக்கு இது போதாது. அங்கே பள்ளிக்கூடத்துத் திரிகோணமிதி கைகொடுக்கிறது. 5 பாகை 44 கலையின் சைன் மதிப்பு ஏறத்தாழ 0.1. மேல் ஸ்லைடை, துண்டின் அச்சிலிருந்து அந்தக் கோணத்துக்குத் திருப்பி வையுங்கள். இப்போது மேல் ஸ்லைடை 0.1 மி.மீ. நகர்த்தினால், டூல் துண்டுக்குள் 0.01 மி.மீ. மட்டுமே புகும். பத்தில் ஒரு பங்கு! பரீட்சைக்காகப் படித்த அட்டவணை இப்படியும் பயன்படும்.

புஷ் கடைதல்

இனி வெண்கலம். புஷ்ஷுக்கு ஏற்றது கன்மெட்டல். செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 பங்கு கலந்தது. 35 மி.மீ. உருளை ஒன்றைப் பிடித்து முகம் வெட்டுங்கள். மையக் குழி இட்டு, சிறு டிரில்லில் தொடங்கிப் பெரிய டிரில்லுக்குப் போங்கள். இயந்திரம் சிறிதானால் 13 மி.மீ. வரை துளையிட்டு, பின் போரிங் டூலால் மெல்ல மெல்ல விரியுங்கள். அதன்பின் வெளிப்புறத்தைக் கடைந்து, கடைசியில் நீளம் பார்த்து அறுத்தெடுங்கள்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். உட்புறமும் வெளிப்புறமும் முடியும்வரை துண்டைச் சக்கிலிருந்து கழற்றக் கூடாது. மூன்று தாடைச் சக்கில் கழற்றி மாட்டினால் மையம் அதே இடத்துக்குத் திரும்பி வராது. துளை ஓரமாகப் போன புஷ் தண்டையும் தின்றுவிடும்.

அளவெடுக்கு முன் ஆறவிடுங்கள். 25 மி.மீ. வெண்கலம், சூழலைவிட 40 பாகை செல்சியஸ் சூடாக இருந்தால் ஏறத்தாழ 0.018 மி.மீ. பெருத்திருக்கும். நாம் விடும் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு அது. சூட்டோடு அளந்து சரியென்று விட்ட புஷ், ஆறிய பின் தண்டைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு தவறு கற்பித்த பாடம்

பழகத் தொடங்கிய நாளில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பிசானப் பயிர் கதிர் விடும் சமயம். கால்வாயின் கடைமடையில், கிணற்றுத் தண்ணீரை நம்பியிருந்த ஒரு பெரியவர் பம்பைக் கழற்றிக் கொண்டுவந்தார். கைவசம் இருந்தது ஒரே ஒரு கன்மெட்டல் துண்டு. உள்விட்டம் 24.68 மி.மீ. வந்துவிட்டது. இன்னும் 0.40 போக வேண்டும். ஒரு கோடு 0.02, ஆகவே 20 கோடுகள் என்று மனக்கணக்குப் போட்டுத் தள்ளினேன். 25.06 முளையை வைத்தேன், போயிற்று. 25.10 முளையை வைத்தேன். அதுவும் கடகடவென்று போயிற்று. அளந்தால் 25.48!

பிழை எங்கே என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். டூல் 0.40 நகர்ந்தால் ஆரம்தான் 0.40 மாறும், விட்டம் 0.80 மாறிவிடும். தள்ள வேண்டியது 10 கோடுகளே. அன்று ஞாயிற்றுக்கிழமை, கடைகள் இல்லை. டவுனுக்குப் போய் வேறு துண்டு வாங்கிக் கடைந்து கொடுக்க இரண்டு நாளாயிற்று. நான் மன்னிப்புக் கேட்டபோது பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. “எனக்கென்ன, இருக்கட்டும் தம்பி. ஆனா தண்ணி கேக்கது நான் இல்ல, பயிருல்லா!” என்று மட்டும் சொன்னார்.

அன்றுமுதல் மூன்று விதிகளைக் கைக்கொண்டு வருகிறேன். நீங்களும் கைக்கொள்ளலாம். ஒன்று: டயல் கோடு ஆரத்தைக் காட்டுகிறதா, விட்டத்தைக் காட்டுகிறதா என்பதை ஒவ்வோர் இயந்திரத்திலும் கடைந்து பார்த்தே முடிவு செய்யுங்கள், சில இயந்திரங்களில் விட்டக் கணக்கிலேயே கோடு போட்டிருப்பார்கள். இரண்டு: மிச்சமுள்ள அளவை ஒரே வெட்டில் எடுக்காதீர்கள்; பாதியை எடுத்து அளந்து, மீதியில் பாதி என்று நெருங்குங்கள். மூன்று: கணக்கைத் தாளில் எழுதிய பின்பே கைப்பிடியைத் தொடுங்கள். குறைவாகக் கடைந்தால் மீண்டும் கடையலாம். மிகுதியாகக் கடைந்ததை ஒட்ட முடியாது.

இனி நீங்கள்

முறையாகக் கற்க விரும்புவோருக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் டர்னர் என்னும் இரண்டாண்டுப் பயிற்சி இருக்கிறது. திருநெல்வேலிப் பேட்டையிலும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று உண்டு. அதற்கு வாய்ப்பில்லாதவர்கள் அருகிலுள்ள லேத் பட்டறையில் விடுமுறை நாட்களில் நின்று பார்க்கலாம். எந்த வேலைக்கு எந்த டூல், எப்போது வேகம் குறைகிறது, சீவல் எந்த நிறத்தில் வருகிறது என்று கவனியுங்கள். கேட்டால் சொல்லித் தரும் மனமுள்ளவர்கள் பட்டறைகளில் நிறைய இருக்கிறார்கள்.

1944ஆம் ஆண்டில் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து, மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணி மின்சாரத்தையும் தந்துகொண்டிருக்கிறது. வயலின் ஓரத்தில் பம்பு சுழல்கிறது. பட்டறையில் லேத் சுழல்கிறது. பம்பு நின்றால் அதை மீண்டும் ஓடவைக்க லேத்தும், லேத்தைப் பொறுமையாக நடத்தும் ஒரு கையும் வேண்டும். அந்தக் கை உங்களுடையதாக இருக்கலாம். இன்று 28 மி.மீ. கம்பி ஒன்றை எடுங்கள். சக்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவிட்சைப் போடுங்கள்.